இரண்டு சொட்டு எண்ணெய்

சென்ற நவராத்திரியின்போது, சங்கத்து மண்டபத்தில் சுண்டல் விநியோகம் முடிந்த பின், பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் மூவர் ஒரு மூலையில் நின்று தத்தம் வண்டியின் குறைகளைச் சொல்லி ஆற்றிக்கொண்டிருந்தனர். ஓராண்டில் இரண்டு பாட்டரி மாற்றியும் இரவில் விளக்கு மங்குகிறது என்றார் ஒருவர். டைனமோவையே கழற்றி எறிந்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைக்கும்படி பட்டறையில் சொல்கிறார்கள் என்றார் மற்றொருவர். இவ்விரண்டு வார்த்தைகளையும் அதற்கு முந்திய மார்கழியில் நாங்களும் கேட்டிருந்தோம். எனவே எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னோம். சொன்னதை எழுதியும் தர வேண்டும் என்று பத்திரிகைக் குழுவினர் பணித்ததன் விளைவே இக்கட்டுரை.

கல்கத்தா என்றே நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் இந்நகரில், எங்கள் தந்தையார் 1977-ஆம் ஆண்டில் ஓர் அம்பாசிடர் வண்டி வாங்கினார். மார்க் 3 வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் உள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை உருவாக்கிய வண்டி அது. 1959-ல் அதற்கு 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் அமைந்தது. 2014 மே மாதத்தில் அங்கே உற்பத்தி நின்றது. வண்டி வங்காளத்தில் பிறந்ததாயினும் எங்கள் வண்டியின் டைனமோ நம் பக்கத்தது. அதன் உடலில் லூகாஸ் டி.வி.எஸ். என்று பொறித்திருக்கிறது. 1961-ல் தொடங்கிய அந்நிறுவனத்தின் தொழிற்சாலை சென்னையை அடுத்த பாடியில் அமைந்தது. பாடியிலிருந்து ரயிலேறி வங்காளத்தில் வேலைக்கு அமர்ந்த பிள்ளை என்று தந்தையார் அதைச் சொல்லிச் சிரிப்பார். அவரும் அப்படி வந்தவர்தாமே.

தந்தையார் 2012-ல் காலமானார். அதன் பிறகு வண்டியை நாங்கள் ஓட்டினோம். பேணினோம் என்று சொல்ல முடியாது.

மேற்சொன்ன மார்கழியில் ஓர் இரவு, சென்னை மெயிலில் வந்த அத்தையை அழைத்துவர ஹௌரா நிலையத்துக்குச் சென்றோம். அம்மாவும் பிடிவாதமாக உடன் வந்தார். நாத்தனாரைப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. திரும்புகையில் ஹௌரா பாலத்தின் நடுவே முகப்பு விளக்கின் ஒளி மஞ்சளாயிற்று. ஹாரன் இருமிற்று. வேகம் எடுத்தால் அணைய வேண்டிய சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. பாலத்தை ஒருவாறு கடந்து ஸ்டிராண்டு ரோட்டில் திரும்பியதும் எஞ்சின் நின்றது. எண்பது வயது அம்மாவையும், எழுபத்தாறு வயது அத்தையையும், மாவடு ஜாடியையும், நதிக்காற்றில் முக்கால் மணி நேரம் தெருவோரம் நிறுத்தி வைத்த பின்னரே டாக்ஸி கிடைத்தது. அம்மாவுக்கு மறுநாள் காய்ச்சல் கண்டு ஒரு வாரம் படுக்கையில் இருந்தார்.

முதலில் பாட்டரி விற்பவரிடம் போனோம். அவர் எதையும் சோதிக்கவில்லை. புதிய பாட்டரி ஒன்றை விற்றார். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. பதினைந்து நாளில் அதுவும் சோர்ந்து படுத்தது. அடுத்து, தெருக்கோடியிலுள்ள ஒரு பட்டறையில் காட்டினோம். டைனமோ பழைய காலத்துச் சாமான், அதைப் பழுது பார்க்க ஆள் கிடையாது, ஆல்டர்னேட்டர் வைத்துவிடுங்கள் என்றனர். அதில் தவறில்லை, நல்ல ஆல்டர்னேட்டர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால், அதற்கேற்பப் பிடிமானம் மாற்ற வேண்டும், கம்பி இணைப்பும் மாற்ற வேண்டும், செலவு பாட்டரியைப்போல் மும்மடங்கு. பெங்களூரிலிருக்கும் தம்பி தொலைபேசியில், "இன்னும் எத்தனை நாள் அண்ணா இதைக் கட்டி அழுவது? இரும்பு விலைக்கேனும் கொடுத்துவிடுங்கள். அம்மாவை நடுத்தெருவில் நிறுத்துகிற வண்டி நமக்கு எதற்கு?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடும் ஆயிற்று.

கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு அம்மா ஒன்றே சொன்னார்: "விற்கிறதானால் விற்றுவிடுங்கள். ஆனால் ஓடுகிற வண்டியாக விற்க வேண்டும். உங்கள் அப்பா ஓடாத வண்டி எதையும் வைத்திருந்ததில்லை."

பார்க் ஸ்டிரீட் கிழக்கே சென்று லோயர் சர்க்குலர் ரோட்டைச் சந்திக்கும் இடத்திலிருக்கும் மல்லிக் பஜார், பழைய மோட்டார் உறுப்புகளுக்குப் பேர்போனது. அதன் சந்து ஒன்றில் மின்சாரச் சாமான் மட்டுமே பழுது பார்க்கும் முதிய மிஸ்திரி ஒருவர் உண்டு என்று கேள்வியுற்று அவரை நாடினோம். அவரை எல்லோரும் 'தாதா' என்றே அழைத்தனர். வங்காளியில் தாதா என்றால் அண்ணன். நம் ஊரில் அச்சொல்லுக்கு ஏற்பட்டுவிட்ட பொருளை அவருக்கு விளக்காமல் விட்டோம். வீட்டுக்கே வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை டைனமோவின் பின்புறம் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அது தம்பூராத் தந்திபோல் விறைத்திருந்தது. "மாசிமா, பாட்டரிமேல் பழியில்லை. டைனமோவும் சாகவில்லை. பின்பக்கத்துப் புஷ் தேய்ந்திருக்கிறது" என்று அம்மாவிடம் சொன்னார்.

புஷ் என்பது வேறொன்றுமில்லை. சுழலும் தண்டு தாங்கி நிற்கும் உலோகக் குழல். எங்கள் வண்டியிலுள்ளது போன்ற டைனமோவில், பெல்ட் ஓடும் முன்பக்கத்தில் குண்டு பேரிங்கும், பின்பக்கத்தில் சுண்டுவிரல் நுழையுமளவு துளையுள்ள இப் புஷ்ஷும் இருந்து ஆர்மேச்சரைத் தாங்குகின்றன. பெல்ட் தண்டின் முன்நுனியை எஞ்சின் பக்கம் இழுக்கிறது. முன்பக்கத்துப் பேரிங் ஏற்றப் பலகையின் நடுக்கட்டை போலாகிவிடுவதால் தண்டின் பின்நுனி எதிர்ப்புறம் உந்துகிறது. ஆகவே புஷ் எப்போதும் ஒரே பக்கமாகத் தேய்ந்து, வட்டத் துளை முட்டை வடிவாகிறது. ஆர்மேச்சருக்கும் அதைச் சூழ்ந்த காந்த இரும்புகளுக்கும் உள்ள இடைவெளியோ மிகக் குறைவு. புஷ் சிறிது தேய்ந்தாலே ஆர்மேச்சர் சாய்ந்து அவ்விரும்பில் உரசத் தொடங்கும். கம்யூட்டேட்டர் ஆடுவதால் கார்பன் பிரஷ்கள் அதன்மேல் சீராகப் படியாமல் துள்ளும், தீப்பொறி பறக்கும், மின்சாரம் விட்டுவிட்டு வரும். சிவப்பு விளக்கு மினுங்கியதன் காரணம் இதுவே. பாட்டரி பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவில் விளக்குக்கும் கொடுக்க வேண்டியிருந்தால் எந்தப் பாட்டரிதான் தாங்கும்?

பாட்டரி இணைப்பை விலக்கி, டைனமோவைக் கழற்றித் தாழ்வாரத்தில் பழைய செய்தித்தாள்மேல் வைத்தார். உடலின் நீளத்துக்கு ஓடும் இரண்டு போல்ட்டுகளை எடுத்ததும் பின்மூடி தனியே வந்தது. ஆர்மேச்சரின் பக்கத்தில் வெள்ளிக்கோடுபோல் உரசிய தழும்பு தெரிந்தது. பின்மூடியின் நடுவே ஒரு சிறு துளை. அதனருகே 'ஆயில்' என்ற ஆங்கிலச் சொல் வார்ப்பிலேயே இருந்தது. அத்துளை கரியும் தூசியும் சேர்ந்து சிமென்டுபோல் அடைத்திருந்தது. "இதில் எண்ணெய் விட்டு எத்தனை வருஷம் ஆயிற்று?" என்று மிஸ்திரி கேட்டார்.

பதில் எங்களுக்குத் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எழுந்து உள்ளே போய், தந்தையாரின் வண்டிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். நீல மையில், எண்ணெய் மாற்றிய நாள், பெட்ரோல் கணக்கு, டயர் மாற்றிய இடம் எல்லாம் அவருடைய சிறு எழுத்துகளில் வரிசையாக இருந்தன. அவற்றினிடையே, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, "டைனமோ, 2 சொட்டு" என்ற வரி தவறாமல் வந்தது. கடைசியாக அந்த வரி வந்தது 2012 ஜனவரியில். அதன் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. மிஸ்திரிக்குத் தமிழ் தெரியாது. எண்களைப் பார்த்தே புரிந்துகொண்டு குறிப்பேட்டை மெதுவாக மூடிக் கொடுத்தார். பெல்ட்டை அளவுக்கு மிஞ்சி இழுத்துக் கட்டியதும் நாங்களே. கீச்சிடுகிறதென்று முந்திய ஆண்டு ஸ்பானரை எடுத்து எங்கள் கையாலேயே விறைக்கச் செய்திருந்தோம்.

நிற்க. புஷ் வாங்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. எங்களைப் போல் ஏமாறாதிருக்க அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். இந்தப் புஷ் கட்டிப் பித்தளையைக் கடைந்து செய்ததன்று. செம்பும் வெள்ளீயமும் ஏறத்தாழ ஒன்பதுக்கு ஒன்று என்ற அளவில் கலந்த தூளை அச்சில் அழுத்தி, உருகிவிடாத சூட்டில் சுட்டு எடுப்பது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அதன் உடலெங்கும் இருக்கும். அதன் பருமனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வெற்றிடமே. அவ்வெற்றிடத்தில் எண்ணெய் தங்கியிருக்கும். தண்டு சுழன்று சூடேறும்போது எண்ணெய் கசிந்து வந்து தண்டை நனைக்கும். நின்று குளிர்ந்ததும் அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். இதனால்தான் இரண்டு சொட்டு எண்ணெய் அவ்வளவு தூரம் போதுமானதாயிற்று.

அவசரத்தில் நாங்கள் முதலில் வாங்கி வந்த புஷ் அளவில் சரியாயிருந்தது. பார்வைக்குத் தங்கம்போல் பளபளத்தது. மிஸ்திரி அதன் அடியைக் கட்டைவிரலால் மூடி, உள்ளே எண்ணெய் நிரப்பி, மேல்வாயை மற்றக் கட்டைவிரலால் பலமாக அழுத்தினார். வெளிச்சுவரில் ஒன்றும் நிகழவில்லை. "இது லேத்தில் கடைந்த பித்தளை. ஒரு மழைக்காலம் தாங்காது" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு தம் பையிலிருந்து மங்கிய பழுப்பு நிறப் புஷ் ஒன்றை எடுத்து அவ்வாறே அழுத்தினார். வெளிச்சுவரெங்கும் நெற்றியில் வியர்வை அரும்புவதுபோல் எண்ணெய் முத்துமுத்தாகத் துளிர்த்தது. அம்மாவும் அத்தையும் குனிந்து பார்த்து வியந்தார்கள். அதன் விலை நூறு ரூபாய்க்குள்.

ஆயினும் அன்றே அதைப் பொருத்த அவர் இசையவில்லை. புதிய புஷ்ஷை மெல்லிய எஞ்சின் எண்ணெயில் முழுக அமிழ்த்தி, ஒரு பகலும் ஓர் இரவும், அதாவது இருபத்துநான்கு மணி நேரம், ஊற வைக்க வேண்டுமாம். மிக அவசரமென்றால் எண்ணெயை நூறு டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கி இரண்டு மணி நேரம் வைத்து, எண்ணெயோடு குளிர்ந்த பிறகே எடுக்கலாம். எங்களுக்கு அவசரம் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, ஞாயிறன்று இரும்புக்காரர் வருவார். அப்படியும் மிஸ்திரி, "ஊறட்டும், நாளை மாலை வருகிறேன்" என்று கிளம்பிவிட்டார். அம்மாவின் ஊறுகாய்க் கிண்ணம் ஒன்றில் புஷ் ஊறியது. அதைச் சமையலறையிலிருந்து வெளியேற்றும்படி அத்தை இரண்டு முறை சொல்லியும், அம்மா அதைத் தாழ்வாரத்துக்கு அனுப்பவில்லை, பூனை தட்டிவிடுமாம்.

மறுநாள், தேய்ந்த புஷ்ஷை எடுத்த விதமே பார்க்க அழகாயிருந்தது. அது மூடியின் குழிக்குள் புதைந்திருப்பதால் பின்னாலிருந்து தட்டி எடுக்க வழியில்லை. ஐந்தெட்டு அங்குல மரைவெட்டும் டாப் ஒன்றை அதனுள் நேராகச் சில சுற்று முறுக்கி, டாப் கடித்துக்கொண்டதும் இரண்டையும் சேர்த்து இழுத்துவிட்டார். டாப் கோணலாக இறங்கினால் மூடி கெட்டுவிடும் என்பதால் அங்கே மட்டும் அவருக்கு நேரம் பிடித்தது. புஷ்ஷுக்குப் பின்னால் எண்ணெய்க்கென்று கம்பளி வளையம் ஒன்று உண்டு. அது காய்ந்து கருகியிருந்தது. புதியதை எண்ணெயில் நனைத்து வைத்தார்.

தண்டையும் மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்தார். தண்டே தேய்ந்திருந்தால் புதிய புஷ் போட்டுப் பயனில்லை. நல்லவேளையாக எங்களுடையது மெருகு போனதோடு நின்றிருந்தது. பின்னர், தண்டின் அளவுக்குக் கடைந்து மெருகேற்றிய எஃகுத் துண்டு ஒன்றைப் புஷ்ஷுக்குள் செருகி, வைஸில் வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தி உள்ளே இறக்கினார். சுத்தியல் தொடவேயில்லை. பொருத்திய பின் தண்டு சற்று இறுக்கமாகத் தோன்றவே, ரீமர் விட்டுத் துளையைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்டோம். அவர் கோபித்துக்கொண்டார். அரத்தின் வாய் பட்டால் நுண்துளைகளின் வாயெல்லாம் உலோகம் இழுபட்டு மூடிவிடும்; அப்புறம் அது வெறும் பித்தளைதான். எஃகுத் துண்டை இன்னொரு முறை இறக்கி ஏற்றியதும் தண்டு பட்டுப்போல் சுழன்றது.

கார்பன் பிரஷ்கள் குட்டையாகிவிட்டதால் அவற்றையும் மாற்றினார். முன்பக்கத்துப் பேரிங்கைக் கழுவிக் கிரீஸ் வைத்தார். மூடியைப் பூட்டும்போது பிரஷ்கள் கம்யூட்டேட்டரில் இடிக்காமலிருக்க, அவற்றைக் கூட்டுக்குள் மேலே தூக்கி, ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்திக்கொண்டார். மூடி உட்கார்ந்த பிறகு காற்றுத் துவாரத்தின் வழியே சிறு கொக்கியால் ஸ்பிரிங்கை அதனிடத்தில் விட்டார். இதை அறியாமல் புதிய பிரஷ்ஷை உடைத்தவர் பலர் என்று சொன்னார்.

அதன் பிறகு நடந்ததே எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது. டைனமோவின் 'டி', 'எஃப்' என்னும் இரு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்து அதைப் பாட்டரியின் ஒரு முனையிலும், உடலை மறுமுனையிலும் இணைத்தார். மின்சாரம் கொடுக்க வேண்டிய யந்திரம், மின்சாரத்தை வாங்கிக்கொண்டு தானே சுழன்றது. உரசல் இல்லை, கிறீச்சிடல் இல்லை. இவ்வாறு மோட்டாராக அமைதியாகச் சுழலும் டைனமோ, வண்டியில் ஏறியதும் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்யும்.

வண்டியில் பூட்டிய பின் மேலும் இரண்டு காரியங்கள் இருந்தன. பழுது பார்த்த டைனமோவின் காந்தத் திசை வண்டியின் பாட்டரிக்கு ஒத்திருக்க வேண்டும். அதற்காக டைனமோவுக்கு வரும் கம்பிகளை விலக்கிவிட்டு, பாட்டரியின் மின்முனையிலிருந்து கம்பி ஒன்றை 'எஃப்' முனையில் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுத்தார். அடுத்தது பெல்ட். நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் வழுக்கும். விறைத்தால் புதிய புஷ்ஷும் பழையதன் வழியே போகும். தண்ணீர் பம்பின் பேரிங்குக்கும் அதே பெல்ட்தான் என்பதால் அதற்கும் கேடு.

இதே வகைப் புஷ்கள் ஸ்டார்ட்டர் மோட்டாரிலும் டிஸ்டிரிபியூட்டரிலும் உண்டு. ஸ்டார்ட்டரில் தேய்ந்தால், நல்ல பாட்டரி இருந்தும் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் முனகிக்கொண்டு மெல்லச் சுழலும். டிஸ்டிரிபியூட்டரில் தேய்ந்தால் பாயிண்டுகளின் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். எத்தனை முறை சரிசெய்தாலும் எஞ்சின் ஒரே சீராக ஓடாது. மூடியைக் கழற்றித் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் அது ஆடவில்லை.

சனிக்கிழமை இரவு எஞ்சினை ஓடவிட்டோம். சிவப்பு விளக்கு, வேகம் சற்று ஏறியதும் அணைந்தது. மீண்டும் எட்டிப் பார்க்கவில்லை. முகப்பு விளக்கின் ஒளி எதிர்வீட்டுச் சுவரில் வெண்மையாய் விழுந்தது. கூலியாக மிஸ்திரி கேட்டது பாட்டரிக்குக் கொடுத்ததில் நான்கிலொரு பங்குதான். அம்மா அதோடு ஒரு டப்பா முறுக்கும் கொடுத்தார்.

ஞாயிறு காலை இரும்பு வாங்குபவர் சொன்னபடி வந்தார். ஓடுகிற வண்டி என்றதும் விலையைச் சிறிது உயர்த்தினார். தம்பியைத் தொலைபேசியில் அழைத்தோம். அவன் எஞ்சினின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றான். கருவியைப் பானெட்டருகே கொண்டுபோய்ப் பிடித்தோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அம்மா என்ன சொல்கிறாள்?" என்றான். அம்மா அப்போது வந்தவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். காபி குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று மாலை அத்தையை தக்ஷிணேசுவரத்துக்கு அந்த வண்டியிலேயே அழைத்துச் சென்றோம். இருட்டிய பிறகே திரும்பினோம்; வழியெல்லாம் அம்மா முன்னிருக்கையில் அமர்ந்து சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். வீடு வந்ததும் குறிப்பேட்டை எடுத்து, தந்தையாரின் கடைசி வரிக்குக் கீழே தேதியும் கிலோமீட்டரும் போட்டு, "டைனமோ, புஷ் புதியது, 2 சொட்டு" என்று எழுதினார். கை நடுங்கியதால் எழுத்து சற்றுப் பெரிதாக விழுந்திருக்கிறது.